விரைக்குள்ள மருந்து

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடத்தில் அந்த மாத்திரையைக் கொடுத்திருப்பார்கள். வயிற்றுப் பூச்சிக்கான மாத்திரை. கடித்துத் தின்ன வேண்டியது; பழ மிட்டாய் மாதிரி மணக்கும். போன வாரம் எங்கள் எஸ்டேட் அங்கன்வாடியில் கொடுத்தார்கள். என் மகளின் பையன் தின்று முடித்துவிட்டு இன்னொன்று வேண்டும் என்று கையை நீட்டினான். டீச்சர் சிரித்தார். நான் வெளியே வந்து நின்றுகொண்டேன். அந்த மணம் எனக்கு ஆகாது.

இதை நம் வயதுக்காரர்களிடம்தான் பேச முடியும். லயத்தில் பிறந்து, லயத்து மண்ணில் வெறுங்காலோடு நடந்து, கேரட்டைப் பிடுங்கிப் பாவாடையில் துடைத்துத் தின்று வளர்ந்தவர்களுக்குத்தான் இது புரியும். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், நம்மில் யார் வயிற்றில் பூச்சி இல்லாமல் இருந்தது? தலையில் பேன் இருந்தது, காலில் அட்டை ஏறியது, வயிற்றில் பூச்சி கிடந்தது. அதை நோய் என்று ஒருவரும் நினைக்கவில்லை. "பூச்சி கெடந்தாத்தான் சோறு செமிக்கும்" என்று பெரியவர்களே சொல்லுவார்கள். ஊரில் எல்லோருக்கும் இருக்கிற ஒன்றை யார்தான் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்?

அப்போது நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து இந்த மலையாள நாட்டு மலைக்கு ஏறி வந்தவர்கள். அப்பாவுக்குத் தேயிலை ஃபாக்டரியில் இலை வாட்டுகிற மாடியில் வேலை. அம்மா கொழுந்து கிள்ளப் போவாள். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றை அறை வீடுகள், அதுதான் லயம். அதன் கோடியில் எஸ்டேட்காரர்கள் கட்டிக் கொடுத்த கக்கூஸ் வரிசை ஒன்று இருந்தது. கட்டினார்களே தவிர, தண்ணீர்க் குழாய் அந்தக் கோடி வரைக்கும் வரவில்லை. கதவுகளை முதல் மழைக்காலத்திலேயே யாரோ கழற்றி அடுப்பில் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே ஆடு கட்டினோம், விறகு அடுக்கினோம். மனுஷர்கள் தேயிலைச் செடிகளுக்குள்தான் போனோம். மழை பெய்தால் எல்லாம் கரைந்து ஓடைக்கு இறங்கும். ஓடைத் தண்ணீர் தொட்டிக்கு வரும், தொட்டித் தண்ணீர் குழாய்க்கு வரும். இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. தெரிந்து என்ன செய்வது, தாகம் எடுத்தால் குடித்துத்தானே ஆக வேண்டும்.

எனக்கு ஒரு தம்பி. எனக்கும் அவனுக்கும் நடுவில் பிறந்தது எதுவும் தங்கவில்லை. அதனால் அவன் எங்கள் வீட்டுக்கு ராஜா. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பானை. நீல விளிம்பு போட்ட எனாமல் குவளை ஒன்றை எப்போதும் கையில் வைத்திருப்பான். அதால் லயத்து வாசல் மண்ணைத் தோண்டி, ஈரமண்ணை ஒரு விரலில் எடுத்து, யாரும் பார்க்காதபோது நக்குவான். மழை விழுந்த மண்ணின் வாசம் வந்தால் எனக்கு இன்றைக்கும் அந்தக் குவளைதான் நினைவுக்கு வரும். அது எந்த வீட்டு மாற்றத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை.

அவன் இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு, அதில் சின்ன வெள்ளிக் காய் ஒன்று. அந்தக் கயிறு அடிக்கடி இறுகிப்போகும். அம்மா அதை அவிழ்த்து, புது நூலால் ஒட்டுப் போட்டு நீளமாக்கிக் கட்டுவாள். கட்டும்போது முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தீயளா, எம்புள்ள சதை போடுதான்" என்று அப்பாவிடம் காட்டுவாள். அப்பா அந்த வயிற்றில் விரலால் தட்டிப் பார்த்து, "மத்தளம்லா!" என்று சிரிப்பார். செழிப்பு என்று நினைத்து நூல் சேர்த்துச் சேர்த்துக் கட்டியிருக்கிறாள்.

தூக்கத்தில் அவன் பல்லை நறநறவென்று கடிப்பான். குடும்பத்துக்கு ஆகாது என்று அம்மா குலசாமிக்குக் காசு முடிந்து வைத்தாள். எப்போதும் பசி பசி என்பான். வெல்லம் கேட்டால் மட்டும் கிடைக்காது. "இனிப்பு தின்னா பூச்சி வைக்கும்" என்று அம்மா வெல்ல டப்பாவை உத்தரத்துக்கு ஏற்றிவிட்டாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் வீட்டில் பூச்சிக்குப் பயந்தார்கள்.

அந்த மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் குடும்பக் கட்டுப்பாட்டு ஜீப் வந்துபோனது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆண்களை ஏற்றிக்கொண்டு போய் அறுவை செய்து, கையில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொடுத்து இறக்கிவிட்டார்கள். எங்கள் பக்கத்து வீட்டு மாமா ஒருவர் அப்படிப் போய்வந்தார். கொஞ்ச நாள் காலை அகட்டி அகட்டி நடந்தார். அவர் கொண்டுவந்த சிவப்பு வாளி குழாயடியில் நிற்கும்போதெல்லாம் ஆண்கள் கண்ணடித்துக்கொள்வார்கள். வாளி மாமா என்றே அவருக்குப் பெயர் விழுந்துவிட்டது. எங்களுக்குக் காரணம் தெரியாது. வாளி சிவப்பாக இருப்பதால் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நாங்களும் சிரித்தோம்.

மழை பிடித்துக்கொண்ட சமயம் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு நர்ஸ் வந்தார். சிஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். கீழ்நாட்டு மலையாளப் பெண். தமிழ் ஒரு சொல் தெரியாது. எங்கள் லயத்தில் முழுக்கத் தமிழ்தான். மலையாளம் என்பது ஆபீஸ் பாஷை. ஒரு நாள் காலையில், பெயர் கொடுக்கிற மஸ்டர் கொட்டகைக்கு முன்னால், குடையும் கையுமாக, கால் நிறையச் சேறோடு அவர் வந்து நின்றார். ஒரு பெரிய பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்.

"விரய்க்குள்ள மருந்நாணு! குட்டிகளெ ஒக்கெ கொண்டு வரூ!"

இப்போது எனக்குத் தெரிந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. மலையாளத்தில் விர என்றால் வயிற்றுப் பூச்சி. நம் தமிழில் விரை என்றால், வயதாகிவிட்டது, இனி என்ன வெட்கம், ஆம்பளைகளின் கொட்டை. பூச்சிக்கு உண்டான மருந்து, பிள்ளைகளை எல்லாம் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றுதான் அந்தப் பெண் சொன்னது. விரைக்கு உண்டான மருந்து என்று எங்கள் ஆட்கள் காதில் விழுந்தது. அதுவும் ஜீப் வந்துபோன சூடு ஆறாத காலம்.

வாளி மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். நாங்கள் பெண்பிள்ளைகள் தள்ளி நின்றோம். அவர் குரலைத் தாழ்த்தினாலும் துண்டு துண்டாகக் கேட்டது.

"எனக்குக் கத்திய வச்சானுவ. பிள்ளைகளுக்குப் பாகுல கொழச்சுக் குடுக்கானுவ. சின்னதுலயே சோலிய முடிச்சுட்டா, பெருசானப்பெறவு ஜீப்பு அனுப்ப வேண்டாம்லா."

யாரும் சிரிக்கவில்லை. அப்பா அம்மாவைப் பார்த்தார். "ஒத்தப் பையன். அதுல வெளாடப்பிடாது" என்றார். அம்மா விடுவிடென்று வீட்டுக்கு நடந்தாள்.

கொஞ்ச நேரத்தில் லயத்தில் ஒரு பையனைக்கூடக் காணோம். எல்லோரையும் கொண்டுபோய் அந்தக் கதவில்லாத கக்கூஸுக்குள் அடைத்து, வாசலில் விறகை அடுக்கி மறைத்துவிட்டார்கள். கட்டிய நாள் முதல் அதற்குள் மனுஷர்கள் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். ஆட்டுப் புழுக்கையில் உட்கார்ந்துகொண்டு பையன்கள் கிசுகிசுத்தது வெளியே கேட்டது.

ஆனால் சிஸ்டர் வெறுங்கையோடு போவதாக இல்லை. யாராவது குடித்தே ஆக வேண்டும். "பொட்டப் பிள்ளைகள அனுப்புங்க. அவளுகளுக்கு ஒண்ணும் ஆவப்போறதில்ல, குடிச்சுட்டுப் போறாளுக" என்றாள் ஒரு அத்தை. வரிசையில் நின்றோம். சிஸ்டர் ஒவ்வொருத்தியின் தாடையையும் பிடித்து, கரண்டியால் ஊற்றினார். ஆரஞ்சு மிட்டாயைக் கரைத்தது மாதிரி இருந்தது.

"மதுரமல்லே?" என்று கேட்டார். மதுரையிலிருந்து வந்த மருந்தா என்று கேட்கிறார் என நினைத்துத் தலையை ஆட்டினேன்.

ஓடிப்போய்த் தம்பியைப் பார்த்தேன். விறகு இடுக்கு வழியாக அவன் முகம் மட்டும் தெரிந்தது.

"அக்கா, இனிப்பா?"

"ஆமா."

"ஊது."

வாயைத் திறந்து அவன் மூக்குக்கு நேரே ஊதினேன். கண்ணை மூடிக்கொண்டு மோந்தான். "இன்னொருக்க ஊது" என்றான். மணம் தீரும்வரை ஊதிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை தேயிலைச் செடிக்குள் போனபோது எனக்குப் பூச்சிகள் விழுந்தன. விவரிக்க மாட்டேன், நீங்களும் பார்த்தவர்கள்தானே. மண்புழு நீளம், வெளுத்த உடம்பு. என் குடல்தான் கழன்று வருகிறது என்று அலறிவிட்டேன். அடுத்த செடியில் இருந்தவளும் அலறினாள். அன்றைக்கு லயத்துப் பெண்பிள்ளைகள் எல்லோரும் ஒரே முகத்தோடு வீடு திரும்பினோம். ஒருத்திகூடத் தப்பவில்லை என்றால் பாருங்களேன்.

"அம்மா, அது பூச்சி மருந்தும்மா. எனக்கு எல்லாம் விழுந்துட்டு. தம்பிக்கும் குடும்மா."

"ஒனக்கு வேற, அவனுக்கு வேற."

"பூச்சி ஒண்ணுதானம்மா?"

"ஏட்டி, வாய மூடு. பொம்பளப் பிள்ள கேக்குத கேள்வியா இது?"

நான் என்ன கேட்டேன் என்று எனக்கு விளங்கவில்லை. பூச்சியைப் பற்றிக் கேட்பதில் பொம்பளைப் பிள்ளைக்கு என்ன வந்தது? அந்த மருந்து ஆண்பிள்ளைகளுக்கு ஆகாது என்பது மட்டும்தான் எங்கள் காதுக்கு எட்டியது. ஏன் ஆகாது என்பதை எங்கள் முன்னால் உச்சரிக்க முடியாது. எனக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்ததை என்னிடம் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை.

ஆனால் நான் சொன்னது அம்மாவின் மனதில் தங்கியிருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். வழியெல்லாம் உதடு அசைந்துகொண்டே இருந்தது. என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்திருப்பாள். வராந்தாவில் சிஸ்டர் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தார்; பக்கத்தில் கம்பவுண்டரும் இன்னும் இரண்டு ஆண்களும் இருந்தார்கள்.

"எந்தா வேண்டது?" என்றார் சிஸ்டர்.

அம்மா சேலைத் தலைப்பை முறுக்கினாள். கம்பவுண்டரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "தலைவலி மாத்திர" என்றாள்.

வாங்கிக்கொண்டு திரும்பினோம். வழியில் ஓடைப் பாலத்தில் நின்று அந்த மாத்திரையைத் தண்ணீரில் போட்டாள். அவளுக்குத் தலைவலி இல்லை. மூன்று ஆண்களுக்கு முன்னால், மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பாஷை தெரியாத ஒரு குமரிப் பெண்ணிடம், அந்தச் சொல்லை எப்படிக் கேட்பாள்? நீங்கள் கேட்பீர்களா?

மழை விடவில்லை. தம்பிக்கு வயிற்றுவலி வர ஆரம்பித்தது. வந்தால் சுருண்டு படுப்பான், விட்டால் எழுந்து குவளையைத் தேடுவான். வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டிக் கொடுத்தார்கள், துப்பிவிட்டான். ஃபாக்டரி சங்கு ஊதும்போதெல்லாம் அவனும் வலியில் கூடச் சேர்ந்து ஊளையிடுவான். அது விளையாட்டு என்று எல்லோரும் சிரித்தோம்.

சிஸ்டர் இரண்டாம் முறை மருந்து கொடுக்க வந்தார். மறுபடியும் பையன்கள் விறகுக்குப் பின்னால், பெண்பிள்ளைகள் வரிசையில். இந்தத் தடவை நான் ஒன்று தீர்மானம் செய்திருந்தேன். கரண்டி வாய்க்குள் வந்ததும் விழுங்கவில்லை. இரண்டு கன்னத்திலும் மருந்தை அடக்கிக்கொண்டேன். தலையைக் குனிந்து, மூக்கால் மூச்சு விட்டு, சேற்றில் வழுக்காமல் நடந்தேன். தம்பி வலியில் கிடந்ததால் அன்றைக்கு அவனை வீட்டுக்குள்ளேயே மறைத்து வைத்திருந்தார்கள். அவன் வாயில் அப்படியே விட்டுவிட வேண்டும் என்பதுதான் என் யோசனை. வாசல்படி வரைக்கும் வந்துவிட்டேன்.

அம்மா நிலைப்படியில் நின்றாள். "எங்கட்டி போன?"

நான் பேசவில்லை.

"கேக்கேன்லா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

முதுகில் ஒரு அறை விழுந்தது. பலமான அறை இல்லை. ஆனால் எல்லாம் தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

நான் அழுத அழுகையைப் பார்த்து அம்மாவே பயந்துவிட்டாள். "தம்பிக்கு வச்சிருந்தேன், தம்பிக்கு வச்சிருந்தேன்" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. அம்மாவுக்குப் புரிந்தது. வாசலை எட்டிப் பார்த்தாள். என் உதட்டோரம் வழிந்திருந்ததை விரலால் வழித்தாள். அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சட்டென்று குனிந்து தம்பியின் வாயில் வைத்தாள். அவன் சப்பினான். அவனுக்கு அந்த மருந்தில் கிடைத்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வந்த வலி நிற்கவில்லை. வயிறு கல்லாகிப் போனது. பச்சை பச்சையாக வாந்தி. குடல் ஏறிக்கொண்டது என்று சொல்லி, வழித்துவிடத் தெரிந்த ஒரு பெரியம்மா வந்து விளக்கெண்ணெய் தடவி வயிற்றை அமுக்கி அமுக்கி வழித்தாள். அவளுக்குத் தெரிந்த கைவைத்தியம் அது. நல்லது என்று நினைத்துத்தான் செய்தாள். தம்பி கத்திய கத்தலில் ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டன. அம்மா என்னை ஃபாக்டரிக்கு விரட்டினாள். மழையில் ஓடினேன். அப்பா இலைச்சாறு காய்ந்த பச்சைக் கையோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

கம்பளியில் சுற்றி அப்பா அவனைத் தூக்கிக்கொண்டார். அம்மா பின்னால். நான் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடினேன். குடை எட்டவில்லை. அவன் முகத்தில் மழை விழுந்துகொண்டே இருந்தது.

டாக்டர் அன்றைக்கு வேறு எஸ்டேட்டுக்குப் போயிருந்தார். சிஸ்டர்தான் கட்டிலில் கிடத்தினார். வயிற்றைத் தொட்டதும் அவர் முகம் மாறியது. ஜீப்பைக் கொண்டுவரச் சொல்லி வெளியே கத்தினார். அந்த நேரம் தம்பி மறுபடி வாந்தி எடுத்தான். சிஸ்டர் எனாமல் தட்டை நீட்டினார். தட்டில் விழுந்தது பூச்சி. வாய் வழியாக வந்தது. நெளிந்தது.

சிஸ்டர் அந்தத் தட்டை அப்பாவிடம் காட்டினார். கோபமும் அழுகையுமாக அவர் கத்தியது எனக்கு அப்படியே காதில் இருக்கிறது.

"இதா... இதாணு விர! ஞான் பறஞ்ஞ விர இதாணு! மருந்நு எந்தா கொடுக்காஞ்ஞது?"

இதுதான் விர, நான் சொன்ன விர இதுதான், ஏன் மருந்து கொடுக்கவில்லை என்று கேட்கிறார். அப்பா தட்டைப் பார்த்தார். சிஸ்டரைப் பார்த்தார். மறுபடி தட்டைப் பார்த்தார். அவர் வாய் மெதுவாகத் திறந்து அப்படியே நின்றுவிட்டது. சிஸ்டர் திரும்பத் திரும்ப ஏன், ஏன் என்று கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பூச்சியைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்றுதான் நான் அன்றைக்கு நினைத்தேன்.

ஜீப்பில் அப்பாவும் அம்மாவும் தம்பியும் ஏறினார்கள். எனக்கு இடம் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சிஸ்டர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பால் விடாத கட்டங்காப்பி கொடுத்தார். "நினக்கு தந்நதல்லே மருந்நு? பின்னெ அவனு?" என்றார். உனக்குத் தந்தேனே, அவனுக்கு மட்டும் ஏன் இல்லை என்கிறார் என்பது புரிந்தது. "எனக்குத் தெரியாது சிஸ்டர்" என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது.

டவுனுக்குப் போகிற ரோட்டில் மண் சரிந்து கிடந்திருக்கிறது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். நடுவில் ஆள் உயரத்துக்குச் சேறும் வேரும். ஆட்கள் வந்து வெட்டத் தொடங்கியிருக்கிறார்கள். வெளிச்சம் இருக்கும்போதே ஜீப் திரும்பி வந்துவிட்டது. சீக்கிரம் வந்துவிட்டார்களே, சரியாகிவிட்டது போல என்று நான் எழுந்து ஓடினேன்.

தேயிலை முடிகிற மேட்டில், சவுக்கு மரத்தடியில் புதைத்தார்கள். வாளி மாமாதான் குழி வெட்டினார். வெட்டி முடித்து மண்வெட்டியைக் கீழே போட்டவர், அப்பாவின் தோளில் கை வைத்து, "வம்சத்தக் காப்பாத்துனோம், பிள்ளையக் காப்பாத்த முடியலியே" என்று அழுதார். அப்பா அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டார். அம்மா அரைஞாணைக் கழற்றி வைத்துக்கொண்டாள். ஒட்டுப்போட்ட இடங்களில் விரலை ஓட்டிக்கொண்டே இருப்பாள். பின்னால் அது அரிசி டப்பாவில் கிடந்தது. அப்புறம் அதையும் காணவில்லை.

லயத்தில் மற்றப் பையன்கள் எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். அதையும் சொல்ல வேண்டும். எல்லோர் வயிற்றிலும் அதே பூச்சிதான். இவன் வயிற்றில் மட்டும் அவை ஒன்றாகத் திரண்டு குடலை அடைத்துக்கொண்டன. அதனால்தான் யாருக்கும் பாடம் ஆகவில்லை. "விதி முடிஞ்சிட்டு" என்று பேசிக் கலைந்துபோனார்கள்.

சிஸ்டர் மூன்றாம் முறை வந்தபோது அப்பா வேலைக்குப் போகவில்லை. கக்கூஸ் வாசலில் அடுக்கியிருந்த விறகை உதைத்துத் தள்ளினார். ஒளிந்திருந்த பையன்களைக் கையைப் பிடித்து இழுத்தார். "குடிங்கலே, குடிங்கலே" என்று அதை மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். தாய்மார்கள் ஓடி வந்து பிடுங்கிக்கொண்டார்கள். "தம் பிள்ள போன ஆத்திரத்துல மத்தவன் வம்சத்தயும் அழிக்கப் பாக்கான்" என்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். ஏன் குடிக்க வேண்டும் என்று அப்பா விளக்கியிருக்கலாம். அந்தச் சொல்லைச் சொல்லி, நாம் தப்பாகக் கேட்டுவிட்டோம், என் பிள்ளை போனது அதனால்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல அவரால் ஆகவில்லை. கையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு இதெல்லாம் விளங்கியது கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் எஸ்டேட் கொட்டகையில் வேறொரு நர்ஸ் வந்து "விரய்க்குள்ள மருந்து" என்றார். பக்கத்தில் இருந்த இளவட்டப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி என் காதில் இரண்டு அர்த்தத்தையும் சொன்னாள். மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகும் நான் அந்தத் தட்டையும் அப்பாவின் திறந்த வாயையுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவைப் போய்ப் பார்த்தேன். வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். கேட்க நினைத்துப் போனேன். "சாப்பிட்டீயளாப்பா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். மகள் அப்பாவிடம் கேட்கிற சொல்லா அது?

இப்போது எங்கள் பழைய லயத்தில் வடக்கேயிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். எல்லோரையும் பெங்காலி என்றுதான் இங்கே சொல்கிறார்கள்; எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. நம் பிள்ளைகள் பலரும் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போய்விட, நம் கூடையை அவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் பிள்ளைகள் வெறுங்காலோடு அதே மண்ணில் ஓடுகின்றன. ஒரு பையன், கையும் காலும் குச்சி, வயிறு பானை. அவனைப் பார்க்காமல் போகத்தான் முயற்சி செய்வேன்.

மாத்திரை கொடுத்த அன்று அந்த வீட்டிலிருந்து மட்டும் யாரும் வரவில்லை என்று அங்கன்வாடி டீச்சர் கிளம்பினார். நானும் கூடப் போனேன். அந்தப் பையனின் அம்மா கதவை அரையாகத் திறந்தாள். டீச்சர் மலையாளத்தில் சொன்னார், கொஞ்சம் ஆங்கிலத்தில் சொன்னார். அவள் மாத்திரையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். யார் அவளிடம் என்ன சொன்னார்களோ, அவள் காதில் எது எப்படி விழுந்ததோ, எனக்குத் தெரியாது. நான் என் வயிற்றைத் தட்டிக் காட்டினேன். சுண்டுவிரலை நெளித்து நெளித்துக் காட்டினேன். அவள் முகம் இன்னும் இறுகியது. "பூச்சிம்மா, வெறும் பூச்சி" என்று தமிழில் கத்தினேன். வேறு என்ன பாஷையில் கத்த?

அவள் உள்ளே திரும்பி ஏதோ சொன்னாள். ஒரு பெண்பிள்ளை வந்தது. அவளை டீச்சருக்கு முன்னால் நிறுத்தினாள். பையனைத் தன் சேலைக்குப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டாள்.

பெண்பிள்ளை மாத்திரையைக் கடித்தாள். அந்த மணம் வந்தது. "அவனுக்கும் குடும்மா, அவனுக்குத்தாம்மா குடுக்கணும்" என்று நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்தேன். அவள் மரியாதையாகக் கையை விடுவித்துக்கொண்டு, சிரித்து, எங்களைப் பார்த்துக் கும்பிட்டாள்.

கதவு சாத்தப்படும்போது இடுக்கு வழியாகப் பார்த்தேன். பையன் சேலைக்குப் பின்னாலிருந்து வந்து அக்காவிடம் ஏதோ கேட்டான். அவள் குனிந்து, வாயைத் திறந்து, அவன் மூக்குக்கு நேரே ஊதினாள்.